பதினைந்தில் வைத்த மணி

வியாகுலத்துக்குச் சென்றாயனைப் பிடிக்காது என்று சொன்னால் அது ரொம்பக் குறைவு. பிடிக்காதவன் செத்தால் ஒரு மாலையைப் போட்டுவிட்டு வந்து குளித்துவிடலாம். சென்றாயன் செத்தால்கூட வியாகுலத்துக்கு ஆறாது. அவன் உயிரோடு இருக்க வேண்டும், படகும் துறையும் கையைவிட்டுப் போக வேண்டும், அடுத்தவன் படகு தண்ணீரில் போவதைக் கரையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக வியாகுலம் கேட்டுவந்த வரம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலில் நின்று இப்படி ஒன்றைக் கேட்கலாமா என்றெல்லாம் அவன் யோசித்ததில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்பத்துநாலாம் வருஷம் ஆடி மாதம், பூலாந்துறையிலிருந்து அணைத் தண்ணீரைக் கடந்து அக்கரைக்குப் போன சென்றாயனின் படகு காற்றில் கவிழ்ந்தது. பதினெட்டுப் பேரில் பதினாலு பேர் பலகையையும் துடுப்பையும் பிடித்துத் தப்பினார்கள். நாலு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ரோசம்மா, வியாகுலத்தின் ஒரே தங்கை. அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், தாய்வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. படகை ஓட்டிய சென்றாயன் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நீந்திக் கரையேறிவிட்டான். விசாரணை நடந்தது. திடீர்க் காற்று, ஓட்டியவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆறாவது மாதம் அதே துறையில் அதே ஆள் புதுப் படகை இறக்கிவிட்டான்.

வியாகுலத்தின் அம்மா லூர்தம்மாள் அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர்ப் பக்கமே தலைவைக்கவில்லை. சோற்றுத்தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் ஒரு தரம் சென்றாயனைச் சபித்துவிட்டுத்தான் முதல் வாயை எடுப்பாள். அதையும் அரைவயிற்றுக்கு மேல் தின்ன மாட்டாள். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. வீட்டில் இவனும் அவளும்தான். சபிக்க ஒருத்தி, ஆமாம் போட ஒருத்தன் என்று இரண்டு வருஷம் ஓடியது.

எண்பத்தாறில் ஒரு உத்தரவு வந்தது. அணைத் தண்ணீரில் ஆள் ஏற்றும் படகுகளில் காற்றளக்கும் கருவி பொருத்த வேண்டும். தர்மபுரியில் மழைமானி, காற்றுமானி பழுதுபார்க்கும் ஒரு சின்ன அரசாங்க ஆபீஸ் இருந்தது. அதில் மெக்கானிக் வியாகுலம்தான். எந்தத் துறைக்கு யார் போவது என்று ஆபீசர் கேட்டபோது, "பூலாந்துறைக்கு நான் போறேங்க சார்" என்று முந்திக்கொண்டான். தங்கை செத்த இடம் என்று சொல்லவில்லை. ஆபீசர் மதுரைக்காரர், புதுசு. அவருக்குத் தெரிய வழியில்லை.

கருவி பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஆளுயரக் குழாயின் உச்சியில் மூன்று அலுமினியக் கிண்ணங்கள். காற்றடித்தால் சுற்றும். சுற்றுவதில் கொஞ்சம் மின்சாரம் பிறந்து ஒயர் வழியாக ஒரு பச்சைப் பெட்டிக்குள் இறங்கும். காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பெட்டிக்குள் ஒரு தகட்டு நாக்கு போய் ஒட்டிக்கொண்டு, பேட்டரியில் ஓடும் மணி கணகணவென்று அடிக்கத் தொடங்கும். கரையில் அடித்தால் படகை அவிழ்க்கக் கூடாது. தண்ணீரில் அடித்தால் கிட்டே இருக்கும் கரைக்கு ஒதுங்க வேண்டும். மீறினதாக மூன்று முறை ரிப்போர்ட் போனால் துறை உரிமை ரத்து. ரிப்போர்ட் எழுத வேண்டியவன் மாதம் ஒருமுறை சோதனைக்குப் போகும் மெக்கானிக்.

முப்பது என்பதைத் தீர்மானிப்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு பித்தளைத் திருகாணி, சுண்டுவிரல் நகம் அளவு. ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வியாகுலம் மேசை விசிறியின் முன்னால் கருவியை வைத்து, அந்தத் திருகாணியைப் பதினைந்துக்குத் திருகினான். பதினைந்து என்பது கொடியில் போட்ட வேட்டியை ஆட்டுகிற காற்று. அணை ஓரத்தில் அது அடிக்காத நாளே கிடையாது. மணி அடித்துக்கொண்டே இருக்கும். சென்றாயன் படகை அவிழ்க்காமல் கிடக்க வேண்டும், இல்லையென்றால் மீற வேண்டும். எது செய்தாலும் ஆள் காலி. பெட்டியை மூடி, கம்பி கோத்து, ஈய முத்திரையை அழுத்தினான். படகு கரையில் கிடந்தால் யாரும் சாகப்போவதில்லை, இது ஒரு விதத்தில் நல்ல காரியம்தான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். இப்படிப்பட்ட சமாதானம் சொல்லத் தெரியாதவன் உலகத்தில் யார்?

வைகாசிக் கடைசியில் பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து, மூட்டையும் குழாயுமாகப் பூலாந்துறையில் இறங்கினான். துறைக்கு மேல்புறம் செங்குத்தாக ஒரு பாறைக் கரடு. அதன் நிழலில் படகு கட்டிக் கிடந்தது. சென்றாயனுக்கு ஐம்பது வயதிருக்கும். துடுப்புப் போடும் கருப்பண்ணனும் மாரியப்பனும் படகுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

சென்றாயன் குழாயைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தான். "நீங்க அந்த ரோசம்மா அண்ணனில்ல?" என்றான்.

"கவர்மெண்டு ஆளு. மிசின் மாட்ட வந்துருக்கறேன்."

"அது தெரியுது. மாட்டுங்க."

வியாகுலம் கைத்துளைப்பானை எடுத்துப் படகின் பின்பக்க விளிம்பில் வைத்துச் சுற்றத் தொடங்கினான். மரத்தூள் கொட்டியது. சென்றாயன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆளு சாவக்கூடாதுன்னு படகுல ஓட்டை போடற மொத கவர்மெண்டு இதுதாங்க."

கருப்பண்ணன் சிரித்தான். வியாகுலம் தலை நிமிரவில்லை. "நாலு பேர முழுங்கினவன் ஓட்டையப் பத்திப் பேசறான்" என்றான்.

சிரிப்பு நின்றுபோனது. சென்றாயன் குனிந்து, வியாகுலத்தின் காதுக்கு நேராகப் பேசினான். "உந்தங்கச்சிய நான் தள்ளிவுடல. தண்ணிக்குள்ள அவ கையப் புடிச்சவன் நாந்தான். வழுக்கிருச்சு."

"உங் கை வழுக்குனதா கேள்விப்படலியே. நீ நல்லாத்தான் கரையேறியிருக்கற."

குழாயை நிறுத்தி, கிளாம்ப் போட்டு, நட்டை முறுக்கி, பெட்டியையும் மணியையும் பலகையில் பதித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. சென்றாயனின் பெண்சாதி மாதம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்கு இந்தத் தொறைத் தண்ணி வேணாம்" என்றான் வியாகுலம்.

மாதம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செம்புத் தண்ணீரை அவன் காலடியிலேயே ஊற்றினாள். "ஊட்டுக்கு வந்த நாய்கூட மோந்து பாத்துட்டுத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வியாகுலம் கிண்ணங்களைக் கையால் சுற்றிக் காட்டினான். மணி அடித்தது. எப்போது அவிழ்க்கக் கூடாது, எப்போது ஒதுங்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் சொன்னான். மீறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னான். சென்றாயன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காத்து எப்ப வருதுன்னு எனக்கு இந்த மூணு கரண்டி சொல்லித்தரப் போவுதா" என்று கேட்டான்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி யாராவது சொல்லித் தந்திருந்தா தேவலாம்" என்று சொல்லிவிட்டு வியாகுலம் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். வரும் வழியெல்லாம் மனசு குளுகுளுவென்று இருந்தது.

அன்றிலிருந்து அவன் காத்திருந்தான். பூலாந்துறையில் படகு நின்றுவிட்டது என்று சேதி வரும், ஜனங்கள் கத்துவார்கள், சென்றாயன் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான் என்று நாள் எண்ணினான். ஒரு சேதியும் வரவில்லை. வீட்டில்தான் ஒரு நல்லது நடந்தது. அம்மா வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தாள். சனிக்கிழமை தோறும் மாதா கோயில் நவநாள் செபத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்புவாள், பொழுது சாய வருவாள். வந்து அடுப்பு மூட்டும்போது பழைய மாதா பாட்டு ஏதாவது முனகுவாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து சபிப்பதையும் விட்டுவிட்டாள். மாதா கண் திறந்துவிட்டாள் என்று வியாகுலம் நினைத்தான். ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கடலைமிட்டாய்கூட வாங்கி வந்தான்.

ஆடி முதல் வாரம் சனிக்கிழமை சோதனைக்குக் கிளம்பினான். அம்மா அவனுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தாள். ரிப்போர்ட் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பென்னாகரத்தில் பஸ் மாறினான். பூலாந்துறை பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெண்கள், பெண்கள், எங்கே பார்த்தாலும் பெண்கள். மடியில் அரளிப்பூவும் எலுமிச்சம்பழமும். சிலர் கழுத்தில் செபமாலை.

பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரி நஞ்சம்மாள் என்று தானாகவே பேரைச் சொல்லிக்கொண்டு, "மணி கேக்கத்தானுங்க நீங்களும்?" என்றாள்.

"எந்த மணி?"

அவள் அவனைப் பாவமாகப் பார்த்தாள். "சேதியே தெரியாதுங்களா? அணை கட்டுனப்ப முழுவிப்போச்சில்ல பழைய ஊரு, அதோட கோயிலும் மாதா கோயிலும் தண்ணிக்கு அடியில கெடக்குது. சென்றாயன் படகு சரியா அதும் மேல போவறப்ப மணி தானா அடிக்குதுங்க. யாரும் தொடறதில்ல. தாண்டிப் போனா நின்னுருது. உள்ள இருக்கற சாமி கூப்புடுது. தண்ணியில போனவங்ககூட அதுலதான் பேசறாங்களாம். எம்புருசன் போன வருசம் வலை போடப் போயித் தவறிட்டாருங்க. ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் அடிச்சாரு."

வியாகுலத்துக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, அதற்கும் பிறகு கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. துறையில் இறங்கியதும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றது. பச்சைப் பெட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மணிக்கு அரளி மாலை. குழாயில் ஒரு மாதா சுரூபத்தைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஈய முத்திரைக்குக்கூடச் சந்தனப் பொட்டு. தன் கையால் திருகி வைத்த ஒரு திருட்டு ஆணிக்கு ஊரே சூடம் கொளுத்திக்கொண்டிருக்கிறது, சென்றாயன் அதன் பூசாரி மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"வாங்க சார். உங்க மணியால தொறைக்கே பேரு" என்றான் சென்றாயன்.

"மணி அடிச்சும் படகு ஓட்டறியா? ரிப்போர்ட் எழுதட்டுமா?"

"எழுதுங்க. கரையில அது அடிக்கறதே இல்லீங்க. அடிக்கறது நடுத்தண்ணியில. கிட்ட இருக்கற கரைக்கு ஒதுங்குன்னு நீங்கதான் சொன்னீங்க. நடுவுல இருந்து எந்தக் கரை கிட்ட? நீங்களே அளந்து சொல்லிட்டுப் போங்க."

வியாகுலம் நிமிர்ந்து பாறைக் கரட்டைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. துறையில் வீசும் காற்று முழுவதையும் கரடு மறைத்துவிடுகிறது. அக்கரையிலும் அப்படியே ஒரு குன்று. நடுவில் மட்டும் இரண்டு மலைக்கும் இடையில் காற்று புகுந்து ஓடுகிறது. மேட்டுக்காட்டில் பிறந்து மேசை விசிறியில் காற்றளந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? அந்த நடுவுக்கு நேர் கீழேதான் பழைய ஊர் கிடந்து தொலைக்கிறது.

இன்றைக்கு ஏறிப் போய் எப்படியாவது ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து எழுதிவிடுவது என்று படகில் காலை வைத்தவன் அப்படியே நின்றான். படகின் மூக்குப் பக்கம், மாதம்மாளுக்குப் பக்கத்தில், அவள் கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டு அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

லூர்தம்மாளும் அவனைப் பார்த்துவிட்டாள். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம் இல்லை அது. சந்தோஷமாகக் கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நவநாளுன்னு பொய் சொல்லிட்டன்டா வியாகு. நீ கோவிச்சுக்குவேன்னு சொல்லல" என்றாள் மெதுவாக. "ரோசா கூப்புடறாடா. நாலு சனியா வர்றேன். மொத நாளே நான் பேரச் சொன்னதும் அடிச்சா. நல்லா இருக்கறியாடி கண்ணுன்னேன். மறுபடி அடிச்சா. அவ நல்லாத்தான் இருக்கறா."

"இவன் படகுல உக்காந்து வெத்தல போடறியே" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"எம்பொண்ணுகிட்ட என்னையக் கூட்டிட்டுப் போறவன் இவன்தானே" என்றாள் அம்மா.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அம்மா, அது ஒரு திருகாணி, நான் திருகியது, எழுந்து வா என்று கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். அது கிடக்கட்டும். அவள் முகத்தில் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வந்திருந்த அந்தக் களையைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவனால் முடியவில்லை. படகை அவிழ்த்துவிட்டார்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் இருப்பார்கள்.

பாதித் தூரம் வரை தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சென்றாயன் அதைப் பார்த்துவிட்டு, "கருப்பண்ணா, வெரசாப் போடு" என்றான். கரட்டின் மறைவைத் தாண்டியதும் கிண்ணங்கள் சுற்றத் தொடங்கின. மணி அடித்தது.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் சிலுவை போட்டுக்கொள்கிறவர்களுமாக, கோயில் கிடக்கும் இடப்பக்கத்துக்கு நகர்ந்தார்கள். "ரெண்டு ரெண்டு பேரா வாங்க" என்று சென்றாயன் பழக்கப்பட்ட குரலில் சொன்னான். பூக்கள் தண்ணீரில் விழுந்தன. படகு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது.

மற்ற நாட்களில் நாலு தரம் அடித்து, விட்டு, மறுபடி நாலு தரம் அடிக்குமாம். இன்று விடவே இல்லை. கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. மலை இடுக்கிலிருந்து காற்று தண்ணீரைக் கறுப்பாகச் சுருட்டிக்கொண்டு வந்தது. முப்பது இல்லை, நாற்பதைத் தாண்டியிருக்கும். மணி அலறியது. இவ்வளவு நேரம் சாமி பேசினதே இல்லை என்பதால் பெண்களுக்குப் பக்தி முற்றிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து இடப்பக்கம் நெருக்கினார்கள்.

"உக்காருங்க. காத்து வருது, உக்காருங்க" என்று சென்றாயன் தொண்டை கிழியக் கத்தினான். யாரும் காதில் வாங்கவில்லை. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரற்கடைதான் இருந்தது. அந்த விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்து, ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு, "ரோசா, ரோசா" என்று லூர்தம்மாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் அலை உள்ளே விழுந்தது.

வியாகுலம் கத்தினான். "அது சாமியில்ல. மிசினு. நாந்தான் மாத்தி வெச்சேன்." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பின்பக்கம் தாவி, மாலையைப் பிய்த்துப் போட்டு, பேட்டரியில் இருந்த ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

மணி நின்றது. அடித்தே ஆக வேண்டிய காற்றில் அது அடிக்காமல் கிடந்தது. எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது.

"சாமி யாரும் கூப்புடல" என்றான். "முப்பதுல அடிக்க வேண்டிய மணி. பதினஞ்சுல திருகி வெச்சது நான். இந்தாளு படகு நிக்கணும்னு வெச்சேன். சும்மா காத்துக்கெல்லாம் அடிக்கும். கீழ ஒண்ணுமில்ல. உக்காருங்க, இல்லன்னா எல்லாரும் சாவப் போறோம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லூர்தம்மாள் குனிந்தபடியே கழுத்தைத் திருப்பினாள்.

"அப்ப, ரோசா?" என்று கேட்டாள்.

காற்று படகைத் தூக்கி இறக்கியது. ஏதாவது ஒரு பொய் கிடைக்காதா என்று அவன் தேடினான். கிடைத்திருந்தால் அவள் இன்னும் ஒரு நிமிஷம் அந்த விளிம்பில் கிடந்திருப்பாள்.

"ரோசா இல்லம்மா. அது நான்."

லூர்தம்மாள் தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். படகின் நடுவுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். படகு நிமிர்ந்தது. சென்றாயன் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டு, கருப்பண்ணன் மாரியப்பன் இருவரையும் கெட்ட வார்த்தையில் திட்டித் திட்டித் துடுப்புப் போட வைத்தான். பாதிப் பேர் கையால் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டினார்கள். எப்படியோ பூலாந்துறைக்கே திரும்பிக் கரட்டு மறைவுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

கரையில் இறங்கியதும் நஞ்சம்மாள் வந்து வியாகுலத்தின் சட்டையைப் பிடித்தாள். "எம்புருசன் அடிச்சாருன்னு எம்புள்ளைங்ககிட்டல்லாம் சொல்லிட்டனே" என்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் சட்டையை விட்டுவிட்டு அழுதாள். அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

சென்றாயன் ஈரத்தோடு எதிரில் வந்து நின்றான். "பெட்டியத் தொற" என்றான். வியாகுலம் முத்திரையை அறுத்துப் பெட்டியைத் திறந்தான். "முப்பதுல வையி. என் கண்ணுக்கு முன்னால வையி." திருப்புளி இரண்டு தரம் வழுக்கியது. திருகி முடிக்கும் வரை சென்றாயன் நகரவில்லை.

"நாலு பேர முழுங்கினவன்னு சொன்னியே. காத்து கவுத்துச்சு, என்னால நிறுத்த முடியல. ராவும் பகலும் அத வெச்சுக்கிட்டுத்தான் இந்தத் தண்ணியில போயி வர்றேன்" என்றான் சென்றாயன். "நீ நிதானமா உக்காந்து யோசிச்சுத் திருகியிருக்கற. இருவத்தஞ்சு பேரு. ரெண்டு வருசமா எம்மூஞ்சியில துப்பிட்டிருந்த. இனிமே எங்க துப்புவ?"

வியாகுலம் பெட்டியை மூடினான். அம்மாவைத் தேடினான். லூர்தம்மாள் பாறையோரம் நின்று சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். போய் அவள் கையிலிருந்த பூக்கூடையை வாங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை.

"உங்கப்பன் செத்தப்பகூட நான் இப்படி நிக்கல" என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சென்றாயன் கையில இருந்து ரோசா வழுக்கிப் போனா. அதுக்கு அவன் மேல மண்ணைத் தூத்துனேன். நாலு சனியா எங்கிட்ட வந்து பேசிட்டிருந்தா. இன்னிக்கு உங் கையாலயே போயிட்டா."

"உன்னையக் காப்பாத்தத்தாம்மா சொன்னேன்."

"திருகுனப்ப யாரக் காப்பாத்த?"

அவள் கூடையோடு பஸ் நிழற்குடைக்குப் போனாள். பஸ் வரும் வரை மாதம்மாளுக்கும் நஞ்சம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. வியாகுலம் தள்ளி ஒரு வேலமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றான். நிழற்குடைக்குள் இடம் இருந்தும் வா என்று யாரும் கூப்பிடவில்லை.

பஸ் வந்தது. லூர்தம்மாள் முன்பக்கப் படியில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இவன் பின்பக்கமாக ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய ஈரத் தலையும் கழுத்தில் கிடந்த செபமாலைக் கயிறும் மட்டும் தெரிந்தன. கண்டக்டர் முன்னாலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டு பென்னாகரம்" என்றான் வியாகுலம். "முன்னாடி உக்காந்திருக்கறாங்களே, எங்கம்மா, அவங்களுக்கும் சேத்து."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "எது, ஈரச் சேலையோட அந்த ஆயாவா? அவங்க வாங்கிட்டாங்களே சார்" என்றார். "தனியா வந்திருக்கறீங்களான்னு கேட்டேன். ஆமா, கூட யாருமில்லன்னாங்க."

ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவன் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போனார்.